ஈட்டி சுமந்த நாரை

ஜேர்மனியின் வடபாகத்திலே, பால்டிக் கடலை அடுத்து, வார்னோ நதிக்கரையில் ரொஸ்டொக் என்னும் பழைய துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. 1419ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வகலாசாலை ஒன்று அந்நகருக்கு உண்டு. அதன் விலங்கியற் சேகரிப்பிலே பாடஞ்செய்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு நாரையையே இன்று வாசகர்க்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

வெண்ணிற உடல், கரிய சிறகோரம், சிவந்து நீண்ட கால்கள். செங்கால் நாரைதான், ஐயமில்லை. ஆயின் அதன் கழுத்தை நோக்குமின்! ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் நீளமான ஈட்டி ஒன்று அதனை ஊடுருவி நிற்கின்றது. 1822ஆம் ஆண்டு மே மாதத்திலே, குளூட்ஸ் என்னும் ஊரருகே இப்பறவை சுட்டு வீழ்த்தப்பட்டது. துப்பாக்கிக் குண்டு அவ்வூரது. ஈட்டியோ மத்திய ஆபிரிக்காவினது என ஆராய்ந்தோர் கண்டனர்.

பனிக்காலத்தில் பறவைகள் எங்கே மறைகின்றன என்பது ஐரோப்பியர்க்கு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சில பறவைகள் பொந்துகளில் உறங்குகின்றன என்றார் அரிஸ்டோட்டில். தகைவிலான்கள் நீருக்கடியிற் கிடக்கின்றன என 1555இல் ஒலாவுஸ் மாக்னுஸ் எழுதினார். சந்திரனுக்கே செல்கின்றன என்ற ஆங்கிலேயரும் உளர்! பிரயாணிகள் சிலர் உண்மையை ஊகித்திருந்தனர். எனினும் கையால் தொட்டுப் பார்க்கத்தக்க சான்றினைக் கொணர்ந்தது இந்த நாரையே. (நம் சத்திமுத்தப் புலவர் குமரியாடி வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூது விட்டாரன்றோ? அவருக்கு ஈட்டி தேவைப்படவில்லை.)

அது வந்த வழியை எண்ணுங்கால் நெஞ்சம் நெகிழ்கின்றது. நாரை ஓயாது சிறகடித்துப் பறப்பதன்று. வெய்யிலாற் சூடேறிய தரையினின்று மேலெழும் காற்றிலே வட்டமிட்டு உயர்ந்து, பின்னர் மிதந்து செல்வது. கடல்மேல் அத்தகைய காற்று போதிய அளவு எழுவதில்லை. ஆதலின் கிழக்கு வழியிற் செல்லும் நாரைகள் மத்தியதரைக் கடலை விலக்கி, நைல் நதிப் பள்ளத்தாக்கு, பாலஸ்தீனம், பொஸ்போரஸ் நீரிணை எனச் சுற்றியே மீள்கின்றன. ஆறாத புண்ணோடும், கழுத்தின் இருபுறமும் நீண்டு நிற்கும் கோலோடும் 5,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழியை இது எவ்வாறு கடந்தது? வழியில் எதனை, எவ்வாறு விழுங்கிற்று? கடந்து, கூடுகட்டும் பருவத்திலே, தன் சொந்த மண்ணை அடைந்தபின்னரே மாண்டது.

இவ்வாறு அம்போ ஈட்டியோ தைத்தபடி வந்த நாரைகள் 25 வரையில் பதிவாகியுள்ளன. ஜேர்மானியர் இவற்றை 'அம்பு நாரை' என ஒரே சொல்லால் வழங்குவர். 1899இல் டென்மார்க்கு ஆசிரியர் மோர்ட்டென்சன் பறவைக் காலில் இலக்கமிட்ட அலுமினிய வளையம் பூட்டும் முறையைத் தொடங்கினார். சில ஆண்டுகளின் பின், பால்டிக் கரையின் ரொசிட்டன் நிலையத்தில் வளையமிடப்பட்ட நாரைகள் தென்னாபிரிக்காவிற் கண்டெடுக்கப்பட்டன.