கல்லாற்றங்கரையில் ஒரு கிட்டிப்புள்

பொன்முடி மலைக்கு ஏறும் வழியில் கல்லாறு. ஆற்றில் உருண்டைக் கற்கள், வீடுகளில் ஈரம். மழைக்காலத்தில் புத்தகத்திலேயே பூசணம் படரும் ஊரில் சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியின் வட்டுகளைக் காப்பது லேசான வேலையில்லை.

அந்த வட்டின் பெயர் யூஎம்டி; பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அடங்கிய 60 மில்லிமீட்டர் வட்டு. 1.8 ஜிபி வரை கொள்ளும். பின்பக்கம் ஒளிக்கதிர் படிக்கும் திறப்புக்கு மூடியே கிடையாது. தூசியும் விரல் ரேகையும் நேராக வட்டில் போய் உட்காரும். நாளாக நாளாக ஓட்டின் விளிம்பில் பசை விட்டுப்போய் வாய் பிளக்கும். அதைத் திரும்ப ஒட்டும்போது ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் வட்டு போச்சு.

இந்தியச் சேகரிப்பாளர் முதலில் தேட வேண்டியது, ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா உருவாக்கிய 'தேசி அட்டா' என்ற பிஎஸ்பி விளையாட்டு. 2009-இல் வந்தது. கபடி, பட்டம், நம்ம கிட்டிப்புள் எல்லாம் அதில் உண்டு! உலகச் சந்தைக்கான கருவியில் நம் தெருப்புழுதி ஏறியது சின்ன விஷயமா?

2021 ஜூலையில் பிஎஸ்பியில் எஞ்சியிருந்த வாங்கும் வசதியையும் சோனி நிறுத்திவிட்டது. கையில் வட்டு வைத்திருப்பவர் அதைச் செருகுகிறார். மோட்டார் மெல்ல உறுமுகிறது, திரையில் புள் எகிறுகிறது.