ரப்பர் பூட்ஸ் கடற்படை

ஸ்டீவ்ஸ்டன், கனடா

அன்புள்ள மணமேல்குடிச் சொந்தங்களுக்கு,

வான்கூவருக்குத் தெற்கே, ஃபிரேசர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். மே மாதம் படகிலிருந்தே உயிர் இறால் விற்பார்கள். தொட்டியில் துள்ளுவதை அள்ளி, கண்ணெதிரே எடை போட்டுத் தருவார்கள். விலையைக் கேட்டால் ஜெகதாப்பட்டினத்துக்காரருக்கு மயக்கமே வரும். அது கிடக்கட்டும், இந்தத் துறைக்கு இன்னொரு கதை உண்டு.

இரண்டாம் உலகப் போர் நெருங்கிய 1938-இல் இந்த மேற்குக் கரையைக் காக்கக் கனடாவிடம் போதிய கப்பல் இல்லை. கரையோ தீவும் கழியுமாகச் சிதறிக் கிடப்பது. எங்கே பாறை, எங்கே நீரோட்டம் என்பதெல்லாம் மீனவனுக்குத்தான் அத்துப்படி. ஆகவே கடற்படை மீன்பிடிப் படகையும் ஆளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, மீனவர் சேமப்படை என்று பெயர் வைத்தது. சால்மன் வலை இழுத்த படகுக்குச் சாம்பல் வர்ணம், கூடவே ஓர் இயந்திரத் துப்பாக்கி. ஊரில் அதை 'ரப்பர் பூட்ஸ் கடற்படை' என்று கேலி செய்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. உடனே இந்தப் படைக்கு ஒரு பெரிய வேலை வந்தது: பக்கத்திலேயே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களின் படகுகளைப் பிடித்து வருவது. சுமார் 1,200 படகுகள். நேற்றுவரை ஒரே கடலில் வலை போட்டவர்கள்தான் பிடித்தார்கள். கயிற்றில் கோத்து இழுத்துவந்து, நியூ வெஸ்ட்மின்ஸ்டர் அருகே ஆற்றில் நெருக்கிக் கட்டினார்கள். கவனிப்பாரின்றிச் சில அங்கேயே மூழ்கின. மற்றவற்றை விற்றார்கள், சிலவற்றைப் படையே வைத்துக்கொண்டது. துரோகம் செய்ததாக அவர்களில் ஒருவர்மீதும் வழக்கு இல்லை. ஆனாலும் கரையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1949 வரை திரும்ப அனுமதியும் இல்லை.

மீனவர் படகைக் கடற்படை தன் வேலைக்கு எடுப்பதை நம் பாக் நீரிணையும் பார்த்திருக்கிறது. 1990-இல் 'ஆபரேஷன் தாஷா' என்ற கண்காணிப்பு நடவடிக்கை தொடங்கியபோது, பெரிய கப்பல் நுழைய முடியாத நம் ஆழமற்ற கடலில் ரோந்து போக இந்தியக் கடற்படை வாடகைக்கு விசைப்படகுகளை எடுத்தது. மும்பைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 1993-இல் இந்தியாவின் மேற்குக் கரையிலும் அதே ஏற்பாடு. அவசரம் வந்தால் மீனவன் படகு அரசாங்கத்துக்கு இனிக்கும்.

அதே விசைப்படகு நெடுந்தீவுப் பக்கம் போனால் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொள்கிறது. 2022 பிப்ரவரியில் இப்படிப் பிடித்த 105 இந்தியப் படகுகளை ஏலம் விட்டார்கள். ஏலச் செய்தியை இங்கே படித்தபோது ஃபிரேசர் ஆற்றில் கட்டிக் கிடந்த படகுகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க மனம் ஒப்பவில்லை. அந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. நாம் தாண்டுகிறோம், நம் இழுவைமடி யாழ்ப்பாணத்துத் தமிழனின் வலையை அறுக்கிறது. இதைச் சொன்னால் கோட்டைப்பட்டினத்தில் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். அதற்காகக் கடன் வாங்கிக் கட்டிய படகை, வாழ்நாள் சம்பாத்தியத்தை, ஒரேயடியாக அரசுடைமை ஆக்குவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் கரையில் பறிபோன படகுகளின் பெயரும் பதிவெண்ணும் ஆவணங்களில் இருக்கின்றன. நம் கரையிலிருந்து ரோந்துக்கு வாடகைக்குப் போன படகோ பிடிபட்டுத் திரும்பாத படகோ உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், பெயரும் வருஷமும் போட்டு எனக்கு எழுதுங்கள்.