அன்புவழிபுரத்து அடுப்படியும் கிரேக்கர் அடுக்களையும்

கப்பலேறிச் சென்று பிறநாடு காண்போர் சிலர். அந்நாட்டார் உண்ணும் உணவை அறிந்து, இருந்த இடத்திலிருந்தே அவர்தம் வாழ்வைக் காண்போர் வேறு சிலர். கோயிலையும் கோட்டையையும் வெளியில் நின்று பார்த்துவிடலாம். ஒரு குடியின் அன்றாட வாழ்வைக் காண அடுக்களைக்குள் நுழைய வேண்டும். ஆதலின் இவ்வாரம் நேயர்களை நாம் அழைத்துச் செல்லும் பயணம் சற்றுப் புதுமையானது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரத்திலிருந்து புறப்பட்டுக் கிரேக்க நாட்டு வீடுகளின் அடுப்படிக்குச் செல்வோம். கடவுச்சீட்டு வேண்டா. மீன்கூடையும் கீரைக்கட்டும் ஒரு சட்டித் தயிரும் போதும்.

‘கிரேக்கருக்கும் நமக்கும் என்ன உறவு?’ என்று மாணவர் கேட்கலாம். உறவு பழையது. சங்கப் புலவர் ‘யவனர்’ என்று பாடியது முதலில் கிரேக்கரையும், பின்னர் உரோமப் பேரரசிலிருந்து வந்த வணிகரையுமாம். அவர்தம் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அங்குக் கிடைத்த சாடிகளுள் மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன் ரசமும் வந்தவை உண்டென்று ஆராய்ந்தோர் கண்டனர். எகிப்தின் செங்கடற்கரையில் பெரனிக்கே என்னும் பழந்துறையிலோ, நம் பக்கத்துச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடந்தது! மிளகைக் கிரேக்கர் இன்றும் ‘பிப்பேரி’ என்கின்றனர். திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’ என்னும் வடசொல்லே அதற்கு மூலம். ஆகவே கிரேக்கர் சமையலறையில் நாம் முற்றிலும் அயலார் அல்லோம்.

கிரேக்க உணவு என்றதும் கம்பியிற் கோத்துச் சுட்ட இறைச்சியையே பலர் நினைப்பர். அது பெரும்பாலும் கடைத்தெருவின் உணவு. வீட்டு உணவோ மீன், கீரை, பருப்பு, தயிர், பாண், ஒலிவ எண்ணெய், எலுமிச்சை என்னும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். இவற்றுள் ஒலிவ எண்ணெய் ஒன்றைத் தவிர ஏனையவை யாவும் அன்புவழிபுரத்து இல்லத்தரசிக்குப் பழக்கமானவை.

முதலில் மீன் சந்தைக்குச் செல்வோம். திருகோணமலைச் சந்தையில் நெத்தலியும் சாளையும் கணவாயும் இறாலும் குவிந்திருக்கும் வேளையில் ஒரு கிரேக்கப் பெண் அங்கு வந்தாளாயின், அவளுக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. நெத்தலிக்கும் சாளைக்கும் நெருங்கிய இனங்களே அவள் ஊரிலும் ஏழை எளியோரின் மீன்கள். அவற்றைச் சுத்தஞ்செய்து, உப்பிட்டு, கோதுமை மாவிற் புரட்டி, ஒலிவ எண்ணெயிற் பொரித்து, எலுமிச்சை பிழிந்து உண்பர். ‘தூள் எங்கே? புளி எங்கே?’ என்று நம் வீட்டார் வியப்பர். அவர்களிடம் மிளகாய்த்தூளின் ஆட்சி இல்லை. மீனின் சுவை முன்னே நிற்க, மற்றவை ஒதுங்கி நிற்கும். எட்டுக் கைகளையுடைய கணவாய் இனத்தைத் தீவுக் கரைகளிற் கொடியிலே தொங்கவிட்டு வெயிலில் வாட்டிப் பின்னர் தணலிற் சுடுவர். கருவாட்டுப் பந்தல்களைக் கண்டு வளர்ந்த நமக்கு அக்காட்சி புதிதன்று.

அடுத்து வேலியோரம் செல்வோம். நேயர்கள் பெரிதும் வியக்கத்தக்க செய்தி இங்கேதான் உண்டு. கோடைக்காலத்தில் கிரேக்கர் விரும்பி உண்ணும் கீரை ‘வ்லீத்தா’ எனப்படும். அது வேறொன்றுமன்று, நம் குப்பைக்கீரையும் முளைக்கீரையும் சேர்ந்த அதே குடும்பத்துக் கீரை! நிலத்திற் படரும் பருப்புக்கீரையையும் அவர்கள் தயிரோடும் வெள்ளரிக்காயோடும் பச்சையாகக் கலந்து உண்பர். நாம் கீரையைத் தேங்காய்ப்பூவிட்டு வறை செய்வோம், கடைவோம். அவர்கள் வேகவைத்து நீரை வடித்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு உண்பர். கீரை ஒன்று, கைப்பக்குவம் இரண்டு.

தயிரைப் பற்றி மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரை அறிந்த திருகோணமலை மக்களுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. கிரேக்க நாட்டிலும் மண்சட்டியில் ஆடு, செம்மறிப் பாலைத் தோய்த்து, மேலே ஆடை படிந்த தயிரை எடுப்பதே பழைய முறை. அதைத் துணியிற் கட்டி நீரை வடித்துக் கெட்டியாக்கி, துருவிய வெள்ளரிக்காயும் உள்ளியும் எண்ணெயும் சேர்த்தால் ‘சாசிக்கி’ ஆகும். நம் வெள்ளரிக்காய்ப் பச்சடியின் தமக்கை என்று அதனைக் கூறலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். சொதி வைப்பவர் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுவர். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும் என்பதைப் பாட்டிமார் சொல்லிச் சொல்லியே நாம் அறிந்தோம். கிரேக்கரின் ‘அவ்கோலேமனோ’ என்னும் ரசத்திலும் இதே நுட்பம். முட்டையை எலுமிச்சைச் சாற்றோடு அடித்து, அதில் சூடான கோழி ரசத்தைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பழக்கி, பின்னரே சட்டியிற் சேர்ப்பர், அதன்பின் கொதிக்கவிடார். அவர்களுக்கு முட்டை, நமக்குத் தேங்காய்ப் பால். காக்க வேண்டிய பக்குவம் ஒன்றே.

நோன்பிலும் ஒற்றுமை உண்டு. கிரேக்கத் திருச்சபையின் மரபுப்படி புதனும் வெள்ளியும் விரத நாள்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெருநோன்பு முதலிய எல்லாவற்றையும் கூட்டினால், முறையாக நோற்போருக்கு ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் விரதமாகிவிடும். அந்நாள்களில் இறைச்சி, முட்டை, பால் ஆகியன விலக்கு. ஆகவே பருப்பையும் மரக்கறியையும் சுவைபடச் சமைக்கும் கலை அங்கே வளர்ந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டு, கந்தசஷ்டி நோற்கும் நம் வீடுகளிலும் அவ்வாறே வளர்ந்ததன்றோ?

விரதத்துக்கு ஏற்ற ஒரு கறியை இங்கே சொல்லுவோம். சிஃப்னோஸ் என்னும் தீவில் சனிக்கிழமை மாலை கடலையை மண்சட்டியிலிட்டு விறகு அடுப்பில் வைத்துவிடுவர். இரவெல்லாம் மெல்ல வெந்து, ஞாயிறு வழிபாடு முடிந்து வீடு திரும்புகையில் உணவு ஆயத்தமாயிருக்கும். நம் வீட்டில் இதனைச் செய்ய அரைக் கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவிடுக. நீரை வடித்து, அரிந்த வெங்காயம் இரண்டு மூன்றைச் சேர்த்து, கடலை மூழ்கி மேலே நான்கு விரல் நிற்குமளவு நீர் விட்டு, மூடியிட்டுத் தணலில் வைக்குக. ஒலிவ எண்ணெய் அரைக் கோப்பை ஊற்றுக. கிடையாவிடில் நல்லெண்ணெய் கொஞ்சம் விடலாம். கடலை பூப்போல் மலர்ந்த பின் உப்பிட்டு, இறக்கித் தேசிக்காய் பிழிக. நல்லெண்ணெயிற் செய்தது கிரேக்கச் சுவையாகாது. ஆயினும் அதன் உறவினர் என்று சொல்லத் தகும்.

இவ்வுணவுகளுக்குப் பின்னால் துயரமும் உண்டு. 1922 இல் சுமிர்னா நகர் எரிந்தது; 1923 இல் நடந்த மக்கள் பரிமாற்றத்தோடு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர் சின்னாசியாவை விட்டு அகதிகளாயினர். வீட்டையும் தோட்டத்தையும் இழந்து வந்தவர்கள் சீரகத்தையும் கறுவாவையும் கையாளும் பக்குவத்தை மட்டும் இழக்கவில்லை. சீரகம் மணக்கும் அவர்களது இறைச்சி உருண்டைகள் இன்று கிரேக்க நாடெங்கும் ‘சுமிர்னா உருண்டை’ எனப்படுகின்றன. பின்னர் 1941, 1942 ஆண்டுகளில், பகைவர் ஆட்சியிற் கொடிய பஞ்சம் வந்தபோது, வயலோரக் கீரைகளே பலருக்கு உயிர்ப்பிச்சை அளித்தன. அதே 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் சப்பானியக் குண்டுகள் வீழ்ந்தன. அதன்பின் 1983 இலும் 1990 இலும் இம்மாவட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ இடம்பெயர்ந்தன. மூட்டை கட்ட நேரமின்றி ஓடியவர்களுடன் சென்றதும் கைப்பக்குவம் ஒன்றுதான். அகதி முகாமில் கல் மூன்று வைத்துக் காய்ச்சிய கஞ்சியின் அருமையை அறிந்தவர்களுக்குக் கிரேக்கரின் கீரைச்சட்டியை விளக்க வேண்டியதில்லை.

இனி, நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்திக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க ஆய்வாளர் கிரீட் தீவு மக்களின் உணவை ஆராய்ந்தனர். கீரை, பருப்பு, பாண், ஒலிவ எண்ணெய் என்பவற்றில் வாழ்ந்த அம்மக்களுட் பெரும்பாலோர், தமக்கு இறைச்சி வேண்டுமென்றே கூறினர்! தம் உணவை அவர்கள் வறுமையின் அடையாளமாகவே கருதினர். பின்னர் 1958 இல் அன்செல் கீஸ் என்பார் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வில், இருதய நோயால் இறந்தோர் மிகக் குறைவாயிருந்தது அதே கிரீட் தீவில்தான். 2010 இல் யுனெஸ்கோ நிறுவனம் மத்தியதரைக் கடல் உணவுமுறையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. கிரேக்கத்தின் சார்பில் கொரோனி என்னும் ஊர் அதில் இடம்பெற்றது. ஆனால் அதற்குள் கிரேக்கப் பிள்ளைகள் பாட்டியின் சட்டியை விட்டுப் பொட்டலத் தின்பண்டங்களுக்கு மாறிவிட்டனர். குழந்தைகளின் உடற்பருமன் மிகுந்த ஐரோப்பிய நாடுகளுள் இன்று கிரேக்கமும் ஒன்று. உலகம் புகழ்ந்த வேளையில் உரியவர் கைவிட்டனர்!

நமக்கும் இது அயற்கதையன்று. குரக்கன் பிட்டையும் முருங்கையிலை வறையையும் ‘இல்லாதவர் உணவு’ என்று ஒதுக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உளர். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வந்தபின், வைத்தியர் அதே கீரையை மருந்தாக எழுதிக் கொடுக்கும்போது, அதைப் பக்குவமாய்ச் சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருப்பாரா?

கிரேக்க மொழியில் ‘க்சேனொஸ்’ என்னும் ஒரே சொல் அந்நியனையும் விருந்தினனையும் குறிக்கும். வந்தவருக்கு ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு குவளை குளிர்ந்த நீரும் கொடுத்த பின்னரே பேச்சைத் தொடங்குவது அவர்தம் பழைய வழக்கம். அன்புவழி என்பதையே பெயராகக் கொண்ட ஊருக்கு இதனினும் இனிய உறவு வேறு எங்குக் கிடைக்கும்?

மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மம்மாவின் பக்கத்தில் அமருங்கள். அவர் எந்தக் கீரையை எந்த மாதத்தில் எங்கே பறித்தார், எந்தச் சட்டியில் எவ்வளவு நேரம் வைத்தார் என்று கேட்டு எழுதுங்கள். ‘கைக்கணக்குத்தான் பிள்ளை’ என்று அவர் சொல்வார். அந்தக் கைக்கணக்கைக் கரண்டிக் கணக்காக்கி எழுதுவதே உங்கள் வேலை.