சர்க்கரைக்கும் ஊசிக்கும் ஒரே பணப்பை

நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒன்றைப் பள்ளி விடுமுறையின் தயவில் இப்பதிவில் எழுதுகின்றேன். இலக்கணமும் செய்யுளும் தேடி வந்தவர்கள் இம்முறை பொறுத்தருள்க.

“தமிழாசிரியருக்கு மருத்துவமனைச் செலவுக் கணக்கு எதற்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வகுப்பில் ஒரு மாணவி வாரத்தில் ஒரு நாளேனும் வராமல் இருப்பாள். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பாட்டிக்கு இனிப்புநீர் முற்றிச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. தந்தை லாரி ஓட்டுநர். தாயாரை அழைத்துச் செல்லும் நாளில் அவருக்கு வேலையில்லை. வேலையில்லாத நாளில் சம்பளமுமில்லை. காலையில் நேரத்தோடு கிளம்ப வேண்டியிருப்பதால் மகளைப் பள்ளியில் இறக்கிவிட ஆளில்லை. அந்தச் சிறுமியின் வருகைப் பதிவேட்டில் விழும் வெற்றிடம் எந்த அமைச்சின் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆதலால்தான் எனக்கு இந்தக் கணக்கு.

ஏறுகின்ற கணக்கே திகைக்க வைக்கின்றது. சுகாதார அமைச்சும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இதய நோய், இனிப்புநீர், புற்றுநோய் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2017ஆம் ஆண்டில் மலேசியாவின் நேரடி மருத்துவச் செலவு 965 கோடி வெள்ளி என்கிறது அது. அதில் இனிப்புநீரின் பங்கு 438 கோடி. இதய நோயைவிடவும் அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது மூவரில் ஒருவர் என்ற அளவை நெருங்குகின்றது. கோயில் திருவிழாப் பந்தியில் உட்காரும்போது இலைகளை எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு அன்று முதல் வந்துவிட்டது.

அரசு மருந்தகத்தில் நாம் கட்டுவது ஒரு வெள்ளி. சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி. இது பெரும்பேறு, அண்டை நாடுகளில் பலருக்குக் கிட்டாதது. ஆனால் ஒரு வெள்ளிச் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அதன் பின்னால் நிற்கும் உண்மையான விலை கண்ணில் படுவதில்லை. நாடு முழுவதும் இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போர் ஐம்பதாயிரத்தை எட்டிவிட்டனர். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர்தான்.

நோய் வரும் முன் அது பிறக்கும் சூழலில் பணத்தைப் போட்டால் மருத்துவமனைச் செலவு குறையுமா? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே நூற்றாண்டு கடந்த விடையொன்று உண்டு. 1901இல் கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் வந்தார். ஊரெங்கும் மலேரியாக் காய்ச்சல். அவ்வாண்டில்தான் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது; தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். மருத்துவமனையைப் பெரிதாக்குவது ஒரு வழி. வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டவும் காட்டைத் திருத்தவும் அரசைப் பணம் போட வைத்தார். அவ்வூர்கள் இரண்டிலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர்; 1905இல் 45 பேர். கிள்ளான் நகரத்திலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் 334இலிருந்து 12ஆக இறங்கினர். அரசு ஊழியர் மலேரியாவுக்காக எடுத்த விடுப்பு 1,026 நாளிலிருந்து 30 நாளாயிற்று. இந்தக் கடைசி எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் நான் முன்னே சொன்ன லாரி ஓட்டுநரின் நாட்களும் அவர் மகளின் நாட்களும் அவ்வகைக் கணக்கில்தான் வரும்.

கொசுவுக்கு வடிகால் வெட்டினார்கள். சர்க்கரைக்கு எங்கே வெட்டுவது? இங்குதான் நம் பினாங்கு வருகின்றது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல பத்தாண்டுகள் இருந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் சர்க்கரையைப் பற்றி ஓயாமல் பேசியவர். தமிழ் நாளிதழ்களில் சங்கத்தின் அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். “கிழவருக்கு வேறு வேலையில்லை” என்று தேநீர்க் கடையில் சிரித்தவர்களை நான் அறிவேன். சிரித்தபடியே அடுத்த தே தாரிக்குக்குச் சொல்லியனுப்புவார்கள்!

அவர் பேசிய காலத்தில் அரசு என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? சர்க்கரைக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2013 அக்டோபர் 26 அன்றுதான் கிலோவுக்கு 34 காசு என்றிருந்த கடைசி மானியம் நீக்கப்பட்டு, விலை 2 வெள்ளி 50 காசிலிருந்து 2 வெள்ளி 84 காசாயிற்று. அதுவரை ஒரே பணப்பையிலிருந்து ஒரு கை சர்க்கரையை மலிவாக்கிற்று; மறு கை இன்சுலின் ஊசி வாங்கிற்று. ஏழைக்கு உதவுவதாக எண்ணித்தான் செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏழையின் கோப்பையில் அது என்னவாயிற்று என்று எவரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை.

இத்ரிஸ் அவர்கள் 2019 மே 17இல் மறைந்தார். அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, ஜூலை முதல் நாள், இனிப்புப் பானங்களுக்கான வரி நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 40 காசு. ஒரு 325 மில்லிலிட்டர் கலனுக்குக் கணக்குப் போட்டால் 13 காசு. பதின்மூன்று காசுக்காக எந்தப் பிள்ளை பானத்தை விடப் போகின்றது? எனினும் வரம்புக்குக் கீழே வருவதற்காகச் சில நிறுவனங்கள் தாமே சர்க்கரையைக் குறைத்தன. அதுதான் வரியின் மெய்யான பயன் என்பது என் கருத்து. 2025 சனவரியில் வரி 90 காசாக உயர்ந்தது. கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு இவ்வரி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வரிப்பணத்தின் கதைதான் எனக்கு மனவருத்தம் தருவது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசக் காலையுணவு கொடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று 2019இல் அறிவித்தார்கள். ஆசிரியர் அறையில் அன்று எவ்வளவு மகிழ்ச்சி! பிறகு அத்திட்டம் தேவையுள்ள பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டமாகவே சுருங்கியது. பின்னாளில் வந்த வரவு செலவுத் திட்டங்களில் அவ்வரிப்பணம் இனிப்புநீர்ச் சிகிச்சைக்கு உதவும் என்று அறிவிப்பு வந்தது. சிகிச்சை வேண்டாமென்று யார் சொல்வார்? ஆயினும் வடிகால் வெட்ட எடுத்த காசு மறுபடியும் கட்டிலுக்கே போயிற்றே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

துணை உணவுத் திட்டம் 1979 முதல் நடந்து வருகின்றது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு வேளை உணவு. அதன் பயனைப் பக்கத்திலிருந்து பார்க்கின்றவன் நான். முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தவன் சாப்பிட்டு வந்தபின் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கின்றான். இதற்கு எந்த ஆய்வும் எனக்குத் தேவையில்லை. சோறு, முட்டை, ஒரு துண்டுப் பழம், அவ்வளவே.

உணவைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் நம் வழக்கமும் போதாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மாறி மாறி இரவு வேலை பார்க்கும் தாய் எப்போது சமைப்பாள்? மலிவு அடுக்குமாடியின் பதினைந்தாம் மாடியில் வாழும் பிள்ளை எங்கே ஓடியாடும்? கீழே காலியாக இருந்த இடமெல்லாம் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். மைக்கேல் மார்மோட் தலைமையிலான உலகச் சுகாதார நிறுவனக் குழு 2008இல் இதையே சொல்லிற்று: பிறக்கும், வளரும், உழைக்கும் சூழலே நலத்தைத் தீர்மானிக்கின்றது.

இன்று வடிகால் வெட்டினால் நாளைக்கே மருத்துவமனைச் செலவு குறைந்துவிடும் என்று அடித்துச் சொல்வோரிடம் எனக்கு ஐயம் உண்டு. மலேரியா நான்கு ஆண்டில் அடங்கிற்று. இனிப்புநீர் அப்படியன்று. இன்று பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டையின் பலன் நாற்பது ஆண்டு கழித்துத் தெரியும். அதற்குள் எத்தனை அமைச்சர்கள் மாறுவார்கள்! செலவிட்டவர் ஒருவர், மிச்சம் காண்பவர் வேறொருவர் என்றால் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு இடம் கிடைப்பது கடினம்தான். 2023 சூன் 15இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, நோயைப் பார்ப்பதிலிருந்து நலத்தைப் பேணுவதற்கு மாற வேண்டும் என்கின்றது. எத்தனை வெள்ளி எந்தப் பக்கம் நகர்கின்றது என்பதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கின்றேன்.

எங்கள் அளவில் ஒன்று நடந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், விளையாட்டுப் போட்டியன்று சிராப் தண்ணீருக்குப் பதிலாகக் குடிநீரும் தர்ப்பூசணியும் வைக்கலாம் என்று முன்மொழிந்தேன். “ஆண்டுக்கு ஒரு நாள், பிள்ளைகள் ஆசையாகக் குடிக்கட்டுமே ஐயா” என்றார் ஒரு தாயார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. வாக்கெடுப்பில் இரண்டு கை கூடுதலாகத் தூக்கப்பட்டுத் தர்ப்பூசணி வென்றது. பழத்தைத் துண்டு போட ஆள் வேண்டும். காலை ஆறு மணிக்கே சிற்றுண்டிச்சாலைக்கு வந்துவிடுவதாக அந்தத் தாயாரே பெயர் கொடுத்திருக்கின்றார்.