கடம்பத்தூர்ப் பந்தலில் ஒரு மாம்பழக் கிண்ணம்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார வண்டி, திருவள்ளூரையும் ஏகாட்டூரையும் கடந்து கடம்பத்தூரில் நிற்கிறது. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை இதுவே. இன்று தொழிற்சாலை ஷிப்டுக்கேற்பச் சீருடையணிந்தோர் கூட்டமாக ஏறி இறங்குகின்றனர். ஊரைக் கடந்தால் வயல்களும் மாமரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. தவக்காலம் முடிந்து திருமணங்கள் தொடங்கும் வேளையும் மாம்பழம் வரும் வேளையும் ஒன்றாயிருப்பது நம்மவர்க்கு வாய்த்த நற்பேறு.

அத்தகையதொரு திருமண வீட்டிற்குச் சென்றிருந்தோம். கப்பலில் சமையற்பணி புரியும் மணமகனின் சிற்றப்பா, நுரைக்கும் திராட்சை இரசத்தில் மாம்பழச்சாறு கலந்து விருந்தினர்க்கு வழங்க விரும்பினார். "பழரசந்தானே சாமி, ஒன்றும் செய்யாது" என்றார். மணமகனின் தாயார் வாய் திறக்கவில்லை. குடியை விட்டு இரண்டாண்டுகளேயான மூத்த மகன் பந்தலில் நாற்காலி வரிசை போட்டுக்கொண்டிருந்ததையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்முறை எளிதுதான். வெனிஸ் நகரில் 1931-இல் திறக்கப்பட்ட ஹாரிஸ் பாரில் சிப்ரியானி என்பவர் அமைத்த முறை அது. வெள்ளைப் பீச் பழக்கூழ் ஒரு பங்கு, நுரைக்கும் இரசம் இரண்டு பங்கு. ஓவியர் பெல்லினியின் பெயரையே அதற்குச் சூட்டினார். இரண்டும் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் வாயு வெளியேறிவிடும். கூழை முதலில் இட்டு, கிண்ணத்தைச் சாய்த்து, இரசத்தை மெல்ல ஊற்றி, கரண்டியால் ஒருமுறை மட்டும் கிளற வேண்டும். (ஷாம்பெயின் நுரையைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞ்ஞோன் என்னும் துறவி என்பது வெறுங்கதை. 1715-இல் மறைந்த அவர், நுரை எழாதிருக்கவே பாடுபட்டார்!)

ஆனால் "ஒன்றும் செய்யாது" என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அவ்விரசத்தில் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு பங்கு சாராயச் சத்து உண்டு. மூன்றிலொரு பங்கு கூழ் சேர்த்த பின்னும் ஏழு, எட்டு நிற்கும். சரிபாதி கலந்தாலும் ஏறக்குறைய ஆறு. சாதாரண பீரிலோ ஐந்துதான். பழத்தின் இனிப்பு காரத்தை மறைக்குமேயன்றிச் சத்தைப் போக்காது.

இருவகைக் கிண்ணம் வைக்கலாமே என்றார் சிற்றப்பா. நிறம் ஒன்றாயிருந்தால் கை தவறி மாறிவிடும். வேறாயிருந்தால், ஊரார் முன்னிலையில் மூத்தவர் தம் கிண்ணத்தைக் கேட்டு வாங்க நேரிடும். எல்லார்க்கும் ஒரே கிண்ணம், அதில் சோடா என்றோம். சிற்றப்பாவின் முகம் சுருங்கிற்று. எனினும் தொழில் தெரிந்தவரல்லரா, சட்டையை மடித்துவிட்டு அடுப்படிக்குச் சென்றார்.

கனிந்த பழத்தைப் பிசைந்து, நார் போக வடிகட்டினார். எலுமிச்சைச் சாறு சில துளிகளும் ஒரு சிட்டிகை உப்பும் கூழிலேயே கலந்தார்; சோடாவில் நேரே உப்பிட்டால் பொங்கி வழிந்து வாயு வீணாகும். சர்க்கரை சேர்க்கவில்லை. கோலி சோடா வந்து சேர்ந்தது. 1872-இல் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில், உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக, அதே சாய்வில் ஊற்றினார். பொன்னிறத்தில் நுரை விளிம்புவரை எழுந்து நின்றது.

மூத்தவரே தட்டேந்தி முதல் வரிசைக்குப் பரிமாறினார். பனிக்கட்டிதான் போதவில்லை, திருவள்ளூருக்கு ஆளனுப்ப வேண்டியதாயிற்று.