ஹேண்டில் ஆடுது பாஸ்!

உங்க பைக்கோட ஹேண்டில்பார் என்னைக்காவது உங்க பேச்சைக் கேட்காம இருந்திருக்கா? எனக்கு நடந்திருக்கு. போன டிசம்பர்ல, சரியா மூணு செகண்ட். இடது, வலது, இடது, வலதுன்னு தானா உதற ஆரம்பிச்சுது. நாலாவது செகண்ட்ல நான் செம்மண்ணுல குப்புறக் கிடந்தேன். காலர் எலும்பு கிராக்! ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கிட்டு லேப் எக்ஸாம் எழுதின ஒரே ஜீவன், எங்க பேட்ச்ல நான்தான்.

விழுந்த இடம் அப்படி. திருச்செந்தூரில் இருந்து மேற்கே கிளம்பி காயாமொழியைத் தாண்டினால், திடீரென்று பூமியின் கலரே மாறிடும். தேரி! எந்தப் பக்கம் திரும்பினாலும் ரத்தச் சிவப்பில் மணல் மேடு. மணல் துகள் மேல இரும்பு ஆக்ஸைடு பூசிக்கிட்டதால வந்த நிறம். நடுநடுவே பனை, கொல்லாமரம், உடைமரம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போறவங்க சமர்த்தா தார் ரோட்டுலயே போயிட்டு வந்துடுவாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் ரோட்டை விட்டு இறங்கலைன்னா தூக்கம் வராதே!

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அதுக்குள்ள வண்டி விடற ஐடியா இருந்தா இந்தப் பக்கத்தை இப்பவே மூடிடுங்க. நான் ஓட்டினது வெளியே, பனை விளைகளுக்கு நடுவுல போற மண் பாதையில. அதுவும் விளைக்காரத் தாத்தாகிட்ட கேட்டுட்டு.

கட்டு பிரிச்ச நாள்ல இருந்து என் மண்டைக்குள்ள ஒரே பேருதான் ஓடிச்சு... ஸ்டீயரிங் டாம்பர். ஏசி ரூம் கதவுக்கு மேல ஒரு டோர் குளோசர் இருக்கும், பார்த்திருப்பீங்க. கதவை மெதுவா தள்ளினா வழி விடும். வேகமா அறைஞ்சா மல்லுக்கு நிக்கும். அதே வேலையை ஹேண்டிலுக்குச் செய்யற சமாச்சாரம்தான் டாம்பர். உள்ளே எண்ணெய், அது நுழைஞ்சு போக ஒரு பொடி ஓட்டை. நீங்க நிதானமா திருப்பினா எண்ணெய் நிதானமா போகும். சக்கரம் கல்லுல இடிச்சு வெடுக்குன்னு திரும்பினா, எண்ணெய் அவ்வளவு வேகமா போக முடியாம எதிர்த்து நிக்கும். (வைப்ரேஷன் பேப்பர்ல வர்ற 'சி' இதுதான். அந்தப் பேப்பர்ல எனக்கு அரியர் இருக்கு. அதை நீங்க கண்டுக்காதீங்க!)

ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒண்ணு மாட்டுச்சு. தங்கக் கலர்ல, சைக்கிள் பம்பு மாதிரி நீளமா, பளபளன்னு. பணம் கட்டப் போற நேரத்துல, கோயம்புத்தூர்ல டர்ட் ரேஸ் ஓட்டற எங்க சீனியருக்கு போன் போட்டேன். "ஏனுங் தம்பி, இன்னொரு எலும்பு மிச்சம் இருக்குதா?"ன்னு கேட்டார்.

விஷயம் என்னன்னா, அந்த ராடு டைப் தார் ரோட்டுல சீறிப் பாயற வண்டிகளுக்கானது. அங்கே ஹேண்டில் ரொம்பத் திரும்பாது. நம்ம வண்டியில நிறையத் திரும்பணும். ராடு நீளம் பத்தலைன்னா பாதி திருப்பத்துல முட்டிக்கிட்டு நிக்கும். வண்டி ஒரு தடவை சாஞ்சு ராடு வளைஞ்சுதுன்னா, ஹேண்டிலே சிக்கிக்கும். மண்ணுக்கு ரோட்டரி டைப்தான் சரி. டப்பி சைஸ்ல, ஹேண்டில் நட்டநடுவுல உட்காரும். ஸ்காட்ஸ், ஜிபிஆர்னு ரெண்டு பேர் அடிக்கடி காதுல விழும். ரெண்டுக்கும் குணம் வேற. ஜிபிஆர், போகும்போதும் திரும்பி வரும்போதும் ஹேண்டிலைப் பிடிக்கும். ஸ்காட்ஸ், நடுவுல இருந்து விலகிப் போகும்போது பிடிக்கும், நடுவுக்கு வரும்போது விட்டுடும். மணல்ல சக்கரம் தானா நேராகப் பார்க்கும், அதைத் தடுக்கக் கூடாதுங்கறது சீனியர் கட்சி. எனக்கும் அதுதான் சரின்னு படுது.

விலை? ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தா அரை லட்சம் தாண்டும். என் எக்ஸ்பல்ஸ் விலையில மூணுல ஒரு பங்கு. அது போக, டாம்பரோட கையைப் பிடிச்சு நிறுத்த ஃபிரேம்ல ஒரு முளை வேணும், மவுண்ட் வேணும். சீனியர் தன் வண்டிக்கு கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கியிருக்கார்.

பங்குனி மாசம் அந்த வண்டியோட அவரே தேரிக்கு வந்து இறங்கினார். "ஓட்டிப் பாருங்க"ன்னு சாவியைக் கொடுத்தார். நான் சும்மா இருப்பேனா? மேல இருக்கற குமிழை முழுசா இறுக்கி வெச்சு, ஒரு பனைமரத்தைச் சுத்தி மெதுவா யூ டர்ன் போட்டேன். ஹேண்டில் அம்மிக்கல்லு மாதிரி அசைய மறுத்துது. பொத்துன்னு சாஞ்சேன். டாம்பர் போட்ட வண்டியில நடக்கற வேகத்துல விழுந்த பெருமையும் நமக்கே!

குமிழைத் தளர்த்திட்டு மறுபடி போனேன். பனை வேர் தட்டும்போதெல்லாம் கைக்கு வர வேண்டிய உதை வரவே இல்லை. பாதியிலேயே கரைஞ்சு போச்சு. செம! ஆனா ஆழமான மணல்ல முன் சக்கரம் சோம்பேறித்தனமா அப்படியும் இப்படியும் மிதக்குமே, அது அப்படியேதான் இருந்துது. மெதுவா ஆடற ஆட்டத்துக்கு டாம்பர் பெருசா எதுவும் பண்ணாது.

"இப்ப உங்க வண்டியைக் காட்டுங்க"ன்னார். எஞ்சினுக்கு அடியில பனந்தடியைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினோம். ஃபோர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினார். டக்... டக்! ஹேண்டிலை மெதுவா திருப்பினா நடுவுல பள்ளத்துல விழுந்த மாதிரி ஒரு சிக்கல். எனக்கு வேர்த்துடுச்சு. டிசம்பர்ல விழறதுக்கு முன்னாடியே இது இப்படித்தான் இருந்திருக்கணும். இதுக்கு மேல டாம்பர் மாட்டியிருந்தா 'டக் டக்' கைக்குத் தெரியாம மறைஞ்சிருக்கும். நானும் தைரியமா எண்பதுல போயிருப்பேன்.

திருச்செந்தூர் மெக்கானிக் அண்ணாச்சி ஒரே வார்த்தையில முடிச்சார். "கோன்செட்டு போயிட்டுலே. இதை வெச்சுக்கிட்டா தேரிக்குப் போன?" கூலியோட சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். மறுநாள் காலையில டயர் காத்தை 28ல இருந்து 18க்கு இறக்கினேன். தார் ரோடு ஏறும்போது மறக்காம திரும்ப அடிச்சுக்கணும், இல்லைன்னா டியூப் காலி. அப்புறம் சீனியர் சொன்னபடி ஃபுட்பெக்ல எழுந்து நின்னு, முழங்காலால டேங்கைக் கவ்விக்கிட்டு, கையை லூஸா விட்டேன். மணல்ல ஆடும்போது பயந்து ஆக்ஸிலேட்டரை மூடினா, எடை முழுக்க முன் சக்கரத்துல இறங்கி அது இன்னும் புதையும். இதை மூளைக்குச் சொல்லலாம். கைக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு.

அதே இடம் வந்துது. ஹேண்டில் ஆடுச்சு. ஆடிட்டு, தானே நேராச்சு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல எனக்கு அதுவே போதும்.

டாம்பர் வேண்டாம்னு சொல்ல வரலை. 2024 டாக்கர்ல ரேலி 2 பிரிவை ஜெயிச்சாரே நம்ம பக்கத்து ஸ்டேட் ஹரித் நோவா, அவங்க மாதிரி நாள் முழுக்கப் பாலைவனத்துல பறக்கறவங்களுக்கு அது கண்டிப்பா வேணும். நீங்களும் ரேஸ் பக்கம் போறீங்கன்னா ரோட்டரியா பார்த்து சேர்த்து வெச்சு வாங்குங்க. நான் அரியரை முடிச்சுட்டு யோசிக்கறேன்.

கிளம்பறப்ப விளைக்காரத் தாத்தா பனையோலைப் பட்டையில பதநீர் ஊத்திக் கொடுத்தார். சீனியர் வண்டி டாம்பரைத் தொட்டுப் பார்த்து, "இது என்னடே, ஹேண்டிலுக்கு மேல டப்பி?"ன்னார். விலையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் எங்க மூஞ்சியையே பார்த்துட்டு, "ஒரு கறவை மாடு பிடிக்கலாமே!"ன்னார்.

அவர் குடிசை வாசல் தூண்ல ஒரு கண்ணாடி தொங்கிச்சு. ஓரத்துல விரிசல். எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்துது. டிசம்பர்ல உடைஞ்சு விழுந்த என் எக்ஸ்பல்ஸோட சைடு மிரர்!

"உன்னுதா? எடுத்துக்கிடு"ன்னார்.

"நீங்களே வெச்சுக்கங்க தாத்தா. எதுக்கு யூஸ் பண்றீங்க?"

"சவரம் பண்ண. ஆடாம நிக்கி"ன்னார்.