சங்கராபுரம் பஸ்ஸில் ஒரு மாஸ்க்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் பஸ் கிடைப்பது பெரிய விஷயமில்லை. சீட் கிடைப்பதுதான் பெரிய விஷயம். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் உள்ளே பறக்கும். அன்று எங்களுக்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை. காரணம், என் சித்தப்பாவின் முகத்தில் இருந்த மாஸ்க்.

சித்தப்பாவுக்கு 71 வயது. 28 வருஷம் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். தவிடும் உமித்தூசும் போய்ப் போய் நுரையீரல் பாழாகிவிட்டது. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், ஆங்கிலச் சுருக்கத்தில் சி.ஓ.பி.டி. என்றார் டாக்டர். "சாதாரண சளி பிடிச்சாலும் இவருக்கு ஆபத்துதான். கூட்டத்துல போனா மாஸ்க் போடுங்க. காத்தோட்டமான இடத்துல கழட்டிடலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

சித்தப்பா மருந்துக்கடையிலேயே ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலை முழுசாகத் திறந்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "இன்னா பெரியவரே, மறுபடியும் கொரோனா வந்துடுச்சா?" என்றார் சிரித்துக்கொண்டே.

யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் சித்தப்பா அடுத்த ஸ்டாப்பிலேயே மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். எதிர்சீட்டில் ஒருவர் வாயை மூடாமல் இருமிக்கொண்டே வந்தார். அவரைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை!

ரேஷன் கடையில் தந்த துணி மாஸ்க்

மாஸ்க் என்றதும் நமக்கு ஏன் இப்படி ஒரு ஒதுக்கம்? பஸ் கரும்புத் தோட்டங்களைத் தாண்டிப் போகும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ம் தேதி. நாலு மாசத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. 2020 மே மாசம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவியபோது, அங்கே மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் வேலை செய்தவர்களும் லாரியிலும் நடந்தும் ஊர் திரும்பினார்கள். சொந்தப் பிள்ளையைத் தெருமுனையில் நிறுத்திப் பேசிய காலம் அது. ஒரு வீட்டில் தகரம் அடித்தால் அந்தத் தெருவே தலை குனிந்தது.

அந்த வருஷம் ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுத்தார்கள். செப்டம்பரில் மாஸ்க் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் வந்தது. 2022 ஜனவரியில் அது 500 ஆனது. ஆக, நம் ஊரில் மாஸ்க் பழக்கமாக வரவில்லை, அபராதச் சீட்டோடு வந்தது. அபராதம் போனதும் மாஸ்க்கும் போய்விட்டது. மிச்சம் இருப்பது, 'மாஸ்க் போட்டவருக்கு என்னமோ நோய்' என்ற பயம் மட்டும்தான்.

கமிட்டியில் கட்டிய துண்டு

மறுநாள் காலை சங்கராபுரம் கமிட்டிக்குப் போனேன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை இந்தப் பக்கம் எல்லோரும் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். மக்காச்சோள மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் தூசியில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது.

அங்கே கூட்டிப் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. "எதுக்கும்மா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார் ஒரு அம்மா. "சுணை ஏறிடும்பா. நெல்லு அடிச்சாலும் சரி, சோளம் அடிச்சாலும் சரி, கட்டாம நின்னா ராத்திரி பூரா இருமல்தான்."

இதே அம்மா அப்படியே துண்டோடு பஸ் ஏறினால் யாராவது சீட்டை விட்டு எழுந்திருப்பார்களா? மாட்டார்கள். அது வேலைக்குக் கட்டிய துண்டு. முகத்தை மூடுவது நமக்குப் புதிதில்லை. நோய் என்ற பெயரோடு மூடுவதுதான் புதிது.

நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வேறு ஒரு கணக்கைச் சொன்னார். "எங்கப்பா பண்ணைக்காரங்க எதிர்ல துண்டால வாயைப் பொத்திக்கிட்டுதான் பேசுவாரு. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொரோனா அப்போ போலீஸ்காரரு 'வாயை மூடு'ன்னு சொன்னப்ப எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துச்சு. நோய்க்குன்னு புரிஞ்சுது. ஆனா மனசு ஒப்பலை."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடச் சொல்லி ஒருவரை அதட்டும்போது, அவர் மனதில் எத்தனை தலைமுறை ஞாபகம் கிளறப்படுகிறது என்று மாஸ்க் பற்றிப் பேசுகிற நாம் யோசித்ததே இல்லை. இது பழக்கமாக வேண்டும் என்றால் அதட்டலால் வரக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மற்ற ஊர்களில் எப்படி?

மாஸ்க்குக்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கதையும் உண்டு. மலேசியாவின் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910-11-ல் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, இது காற்று வழியாகத் தொற்றுகிறது என்று சொல்லி, பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த மாஸ்க்கை எல்லோரையும் போடச் சொன்னார். அதை நம்ப மறுத்து மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார்.

ஜப்பானில் சளி பிடித்தவர் மாஸ்க் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவது கொரோனாவுக்கு முன்பே சாதாரணம். பூந்தாது ஒவ்வாமைக்கும் போடுவார்கள். அங்கே அது 'எனக்கு நோய்' என்ற அறிவிப்பு இல்லை, 'உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்' என்ற மரியாதை. நமக்கும் இந்த மரியாதை தெரியாததில்லை. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசை செய்பவர் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். மூச்சுக்காற்று சாமி மேல் படக் கூடாது என்று நினைக்கத் தெரிந்த நாம், பக்கத்து சீட்டு மனிதருக்கும் அதைச் செய்யலாமே!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உலகத்தில் காசநோய் வருபவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். அது காற்று வழியாகப் பரவும் நோய். சிகிச்சையின் ஆரம்பத்தில் மாஸ்க் போடச் சொல்கிறார்கள். ஆனால் ஊரில் ஒருத்தர் மட்டும் மாஸ்க் போட்டால், மாத்திரை டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. கல்யாணப் பேச்சு நின்றுவிடும், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் பலரும் போடுவதில்லை. பத்து பேர் போட்டிருந்தால் அதில் நோயாளி யார் என்று யாருக்குத் தெரியும்?

அதற்காக எல்லோரும் எந்நேரமும் போட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். சித்திரை வெயிலில் வயலில் நிற்பவருக்கு எதற்கு? உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் காது கேளாதவர்கள் இருக்கிறார்கள். டீச்சரின் முகம் பார்த்து எழுத்துக் கற்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் போடவே கூடாது. பயன்படுத்திய மாஸ்க் ஏரிக்கரையில் கிடப்பதையும் பார்த்தோம்.

மூன்று இடம் போதும். ஒன்று, ஆஸ்பத்திரி, ஓ.பி. சீட்டு வரிசையிலிருந்தே. இரண்டு, சளி, இருமல் இருக்கும்போது பஸ், ரயில், கல்யாண மண்டபம் மாதிரி நெரிசலான இடங்கள். மூன்று, மில், கமிட்டி, மரம் அறுக்கும் பட்டறை மாதிரி தூசு பறக்கும் வேலை. தூசிக்குத் துண்டை விட என்-95 மேல். மூக்கோரம் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். தாடையில் தொங்கினால் பிரயோஜனம் இல்லை.

"மில்லுல யாராவது அப்பவே சொல்லியிருந்தா போட்டிருப்பேன்பா" என்றார் சித்தப்பா. அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மலை மேல் கழற்றியது

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவரைக் காரில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனேன். கீழே அடித்த வெயில் வளைவுகளில் ஏற ஏறக் குறைந்தது. வெள்ளிமலையில் இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. அங்கே மாஸ்க்குக்கு வேலையே இல்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சை இழுத்து விட்டார். "இந்தக் காத்து மில்லுல இருந்திருக்கணும்" என்று சிரித்தார்.

அடுத்த மாசம் மறுபடி செக்கப். இந்த முறை பையில் இரண்டு மாஸ்க் எடுத்துப் போனேன். பஸ் ஏறும்போது நானும் போட்டுக்கொண்டேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். "உனக்கு என்னடா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா. சும்மாதான்."

சட்டைப் பையிலிருந்து அவருடையதை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்களை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. சங்கராபுரம் வரும் வரை அவர் அதைக் கழற்றவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருக்கலாம். அடுத்த முறை அவரை வெளியே கூட்டிப்போகும்போது, உங்களுக்கும் சேர்த்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.